மதலைமுத்துவின் கடுங்காப்பி

கோவிச்சுக்காதீங்கம்மா, அந்த போனைக் கொஞ்சம் அமத்திடறீங்களா? சத்தம் ஜாஸ்தின்னு சொல்லலை. இந்த டிரைவர் அடிக்கிற ஹாரன் அதைவிட ஜாஸ்தி. வேற எந்தப் பாட்டு வேணும்னாலும் போடுங்க. குத்துப்பாட்டு போடுங்க, பாண்டிச்சேரி வர்ற வரைக்கும் தலையாட்டிட்டே வரேன். இந்த ஆளோடது மட்டும் வேணாம்.

ஆமா, தெரியும். மதலைமுத்து. 'கடுங்காப்பி'. அதுல மூணாவது பாட்டு. அந்தப் பொண்ணு ஜுரம் வந்த குழந்தை தண்ணி கேக்கற மாதிரி பாடுவா, நடுநடுவுல இவன் ஊதுவான்.

எப்படித் தெரியுமாவா? முப்பது வருஷம் அவனுக்கு வலது கைப் பக்கம் நின்னவன்மா நான். சந்தியாகு. சாக்ஸபோன். மடியில இருக்கே, இந்தப் பெட்டி, அதுதான். இல்ல இல்ல, வாசிக்கறதுக்கெல்லாம் எடுத்துட்டுப் போகலை. உள்ள தோல்ல சின்னச் சின்ன மூடி இருக்கும், அது தேஞ்சு காத்து கசியுது. பாண்டியில ஒருத்தர் நல்லா மாத்திக் கொடுப்பார்னு சொன்னாங்க. அவ்வளவுதான். ஊதற முனையில மாட்டற ரீடுகூட நனைக்கலை, பார்த்துக்குங்க. ரீடை வாயில போட்டு ஊற வெக்காம எந்த சாக்ஸ்காரனும் வாசிக்க மாட்டான். கோட்டா? கடலோரம் காத்து அடிக்குமேன்னு போட்டேன். சரி, மே மாசம்தான். வயசானவனுக்குக் குளிராதா?

பேப்பர்ல எழுதறானுங்க, மூத்த ஜாஸ் கலைஞரின் புதிய பாதைன்னு. பேரைப் பாருங்க, கடுங்காப்பி. காப்பிக்கும் ட்ரம்பெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? அடுத்தது இட்லி மாவுன்னு ஒண்ணு போடுவான்.

அவன் யாருன்னு உங்களுக்கெல்லாம் தெரியாது. இந்த போன்ல வர்ற கிழவனைத்தான் தெரியும். மவுண்ட் ரோட்டுல ஒரு பெரிய ஓட்டல் இருந்துது. இப்ப இடிச்சுட்டாங்க. அதுல சாப்பாட்டு ஹால்ல நாங்கதான் பேண்டு. வர்றவன் சூப் குடிக்கிற வரைக்கும் மெதுவா வாசிக்கணும், ஸ்பூன் சத்தத்துக்கு மேல போகக்கூடாது. ஐஸ்கிரீம் வந்தாச்சுன்னா அவன் எங்களைக் கவனிக்க மாட்டான். அப்ப ஆரம்பிப்போம். மதலை எழுந்து நின்னு ட்ரம்பெட்டைத் தூக்குவான் பாருங்க, கண்ணாடி விளக்கெல்லாம் கிணுகிணுங்கும். ஒரு தடவை நிஜமாவே ஒண்ணு விழுந்துது.

இடைவேளையில ஹால்ல உட்கார விட மாட்டாங்க. சமையல்கட்டுக்குப் பின்னால கேஸ் சிலிண்டர் மேல உட்காருவோம், நானும் அவனும். பேண்டுக்காரனுக்குப் பால் கிடையாதுன்னு ஓட்டல்ல சட்டம். வெறும் டிகாக்ஷன்ல சர்க்கரையைப் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பாங்க. அதைக் குடிச்சுட்டு வந்து வாசிச்சோம் பாருங்க, அதுதான் ஜாஸ். அதுக்கு அப்புறம் இந்த ஊர்ல எவனும் வாசிக்கலை.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். தாளத்துல ஒரு சுத்துக்குப் பேரு பார். அவன் நாலு பார் வாசிப்பான், நிறுத்துவான். நான் நாலு பார் வாசிப்பேன், நிறுத்துவேன். மறுபடி அவன். ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி. இது எல்லா ஊர் ஜாஸ்லயும் உண்டு. ஆனா எங்களுக்குன்னு ஒரு ஏற்பாடு இருந்துது. அவன் எந்த ஸ்வரத்துல விட்டானோ அதுலதான் நான் எடுக்கணும். நான் விட்ட இடத்துலதான் அவன் எடுக்கணும். எவன் தவற விடறானோ அவன்தான் அன்னிக்கு ரெண்டு பேருக்கும் பஸ் டிக்கெட் எடுக்கணும். பேசி வெச்சு வாசிச்சதில்ல. அவன் தோளு எப்படி ஏறுதுன்னு பார்த்தாலே எங்க கொண்டுபோய் விடப்போறான்னு தெரியும். என் பெண்டாட்டிகூட நான் அப்படிப் பேசினதில்ல. அவளே சொல்லியிருக்கா.

சினிமாவா? வாசிச்சோம். பகல்ல கோடம்பாக்கம். ஹீரோயின் மாடிப்படி இறங்கும்போது நாங்க ஊதினதெல்லாம் உண்டு. அது வயித்துப்பாடு, அது வேற. இப்பவும் நான் ரிசப்ஷன்ல வாசிக்கறேன், இல்லைங்கலை. போன வாரம்கூட அயனாவரத்துல. பொண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டும்போது டூயட்டு வாசிச்சேன். அதுவும் வேற. அதை நான் ஜாஸ்னு சொல்லி விக்கலையே. அங்க ஒருத்தன் சீட்டு எழுதி அனுப்பறான், கடுங்காப்பி வாசிங்கன்னு. சாக்ஸைக் கழட்டி வெச்சுட்டு பிரியாணி சாப்பிடப் போயிட்டேன்.

நான் என்ன சொல்ல வந்தேன்? ஆங், பல்லு.

ட்ரம்பெட்காரனுக்குப் பல்லுதான்மா சுவரு. பித்தளையை உதட்டுல வெச்சு அழுத்தணும், பின்னால பல்லு தாங்கணும். மதலைக்கு எழுபது வயசுல மேல் வரிசை மொத்தமும் எடுத்துட்டாங்க. பல்செட்டு. வெச்சு ஊதிப் பார்த்தானாம், செட்டு கழண்டு தொண்டைக்குப் போச்சாம். அப்ப கௌரவமா என்ன பண்ணணும்? துடைச்சு, துணியில சுத்தி, பெட்டியில வெச்சு மூடிடணும். அவனும் மூடினான். பெரம்பூர் வீட்டைக் காலி பண்ணிட்டு பாண்டியில மக வீட்டோட போய்ச் சேர்ந்தான். எனக்கு வருத்தம்தான், ஆனா மரியாதை இருந்துது. முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது.

போய்ப் பார்க்கலையான்னா? எதுக்கு? பல்செட்டைப் பார்க்கறதுக்கா? அவன் ஊர்ல இருந்து நம்ம ஊருக்கும் இதே பஸ்தானே வருது? அவன் வரலாமே. வந்தான்னு சொல்வாங்க, ரெண்டு தடவை. நான் வீட்டுல இல்ல. சரி, இருந்தேன். தூங்கிட்டிருந்தேன்னு சொல்லச் சொன்னேன். பல்லில்லாம அவன் சிரிக்கிறதை என்னால பார்க்க முடியாதும்மா. அவ்வளவுதான் விஷயம், விடுங்க.

அப்புறம் ஒரு நாள் போன் பண்றான். குரலே மாறிப்போச்சு, பாதி காத்து. "சந்தி, மறுபடியும் ஊதறேன்டா"ன்றான். ஒரு வருஷமா மக வீட்டுக் குளிக்கற ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உதட்டோரத்துல வெச்சுப் பழகினானாம். மேல போக முடியலையாம், கீழ மட்டும், மெதுவா வருதாம். ஒரு ஆல்பம் போடறேன், நீ வாடான்னான். போன் காதுல இருக்கும்போதே சாக்ஸ் பெட்டியைத் திறந்துட்டேன், பொய் சொல்லலை. பியானோ யாருன்னு கேட்டேன். "பியானோ இல்லடா, கீபோர்டு." ட்ரம்ஸ் யாரு? "மெஷின்." ஜாஸ் தானடான்னேன். "பாட்டுடா. ஒரு பொண்ணு பாடுறா. சும்மா ஜனங்க கேக்கற மாதிரி பாட்டு"ன்றான்.

சும்மா பாட்டு! கண்ணாடி விளக்கை உடைச்சவன் சொல்றான். "உன் சாவுக்குக் கூப்பிடு, வந்து வாசிக்கறேன். இதுக்கு வரமாட்டேன்"னு சொல்லி வெச்சுட்டேன். ஆமா, அப்படித்தான் சொன்னேன். அதுக்கப்புறம் அந்த ஸ்டூடியோக்காரன் மாத்தி மாத்தி போன் பண்றான், சார் எந்த நாள் உங்களுக்கு வசதி, சார் உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கோம்னு. நம்பரைத் தூக்கி பிளாக்குல போட்டேன்.

வந்துது ஆல்பம். வந்து ஓடித் தொலைச்சுது! தெருவுல, டீக்கடையில, ஆட்டோவுல. பூசை முடிஞ்சு மாதா கோயில் வாசல்ல நின்னா இளைஞர் சபைப் பசங்க போன்ல அதுதான். முடி வெட்டப் போனேன், சோப்பைப் பூசி கத்தியைத் தொண்டையில வெச்சிருக்கான், போடறான் கடுங்காப்பியை. எழுந்து ஓடவும் முடியலை. சொந்த வீட்டுல என் மருமக ரிங்டோனா வெச்சிருக்கா. என் சோறு, என் கூரை, அவன் ஊதல்!

நான் சும்மா இருப்பேனா? மருமக போன்லேர்ந்து ஒவ்வொரு பாட்டுக்குக் கீழயும் எழுதினேன். 'இது ஜாஸ் அல்ல.' 'கலைஞன் விலை போனான்.' 'உன் பழைய நண்பர்கள் தலை குனிகிறார்கள்.' அது மருமக கடைக் கணக்காம், எனக்குத் தெரியாது, எல்லாம் 'ஜெனிபர் பியூட்டி பார்லர்'னு போய் விழுந்திருக்கு. இவன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்கான். கடைசி ஒண்ணுக்குக் கீழ பதில் வேற. 'சாப்பிட்டியா சந்தி?'

எவ்வளவு கொழுப்பு பார்த்தீங்களா?

சரி, நானே கேக்கறேன், உங்களுக்கு இதுல என்ன பிடிக்குது? இல்ல, நிஜமா சொல்லுங்க.

...அந்த இடைவெளியா! அதைத்தான்மா நானும் சொல்ல வந்தேன். அதுதான் இருக்கறதிலேயே பெரிய வெக்கக்கேடு. நாலு பார் ஊதறான், நிறுத்திடறான். அடுத்த நாலு பார் ஒண்ணுமில்ல, மெஷின் மட்டும் டிக்கு டிக்குன்னு போகுது. மறுபடி நாலு பார் ஊதறான், மறுபடி காலி. எல்லாப் பாட்டுலயும் அப்படித்தான். எதுக்குன்னு நினைக்கிறீங்க? மூச்சு வாங்கறான்! கிழவன் மூச்சு வாங்கறதைப் பதிவு பண்ணி ஊரெல்லாம் வித்திருக்கான், நீங்க எல்லாம் ஆஹா அமைதின்னு கேக்கறீங்க. அது போதாதுன்னு, திடீர்னு ஒண்ணுமே இல்லாத இடத்துல 'பெப் பே'ன்னு ரெண்டு சத்தம். எதுக்கு வருதுன்னு எவனுக்கும் தெரியாது. எங்க தெருப் பசங்க எல்லாம் கிரிக்கெட்டு ஆடும்போது விக்கெட்டு விழுந்தா அதைத்தான் ஊளையிடுதுங்க, பெப் பே, பெப் பேன்னு.

முழுசாக் கேட்டேனான்னா? ஒரு பாட்டுகூட முழுசாக் கேக்கலை. கேக்கணுமா? அந்த முதல் காலி இடம் வந்ததுமே அமத்திடுவேன்.

இன்னிக்கு சாயங்காலம் பாண்டி பீச்சோரம் ஒரு ஹால்ல அவன் கச்சேரி. அவன் மக டிக்கெட் அனுப்பியிருந்தா. கடைசி மேடைன்னு விளம்பரம். ஈறு சுருங்கிடுச்சாம், செட்டு இனிமே நிக்காதாம், டாக்டர் இதோட போதும்னுட்டாராம். டிக்கெட்டு விக்கற தந்திரமாக்கூட இருக்கும். நிஜமாவும் இருக்கும். அதான் போறேன். முதல் வரிசையில போய் உட்காருவேன். அவன் முதல் காலி இடத்துக்கு வருவான்ல, அப்ப எழுந்து நிப்பேன். ஹாலே அமைதியா இருக்கும். "மதலை, போதும்டா, இறங்கு"ன்னு சொல்லிட்டு வந்துடுவேன். அவன்ல பாதி நான். நான் சொல்லாம வேற எவன் சொல்லுவான்?

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

யாரோ பேசப் போற மாதிரியா? அந்த காலி இடத்துலயா? இல்லம்மா. உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப இதைக் கேட்டுட்டே இருந்தீங்களா? அதான் உங்களுக்கு அப்படித் தோணுது. ஒருத்தரும் பேசப் போறதில்ல. மூச்சு வாங்கறான். வேணும்னா போடுங்க, நான் காட்டறேன். அதே மூணாவது பாட்டு. போடுங்க, பரவாயில்ல, காலின்னா என்னன்னு நீங்களே பாருங்க.

ம். இந்தப் பொண்ணு முடிக்கட்டும். இதோ, இது அவன். ஒரு பார். ரெண்டு. குரலு எப்படிக் கரகரங்குது பாருங்க, பித்தளையா பஞ்சான்னு தெரியலை. மூணு, நாலு. விட்டான் பார்த்தீங்களா? இப்ப காலி. டிக்கு டிக்கு. இங்க என்ன வரணும் தெரியுமா? அவன் விட்ட ஸ்வரத்துலேர்ந்து நான் எடுத்திருப்பேன். தா ரீரா ராரா... தரீ ரா ரா... அப்படியே மேல போய்... ரீ. அங்க விட்டிருப்பேன்.

இருங்க.

பின்னால தள்ளுங்கம்மா. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தா ரீரா ராரா... தரீ ரா ரா... ரீ.

அந்த ரீயிலதான் எடுக்கறான்.

தற்செயல். இருக்கறது ஏழு ஸ்வரம், எதுலயாவது எடுத்துத்தானே ஆகணும். விடுங்க, ஓடட்டும். அடுத்த காலி வரும். இந்த மாதிரி மெட்டுக்கு ரெண்டாவது தடவை நான் எப்பவும் கீழ இறங்கிடுவேன், மாடிப்படியில உருண்டு விழற மாதிரி. அவன் திட்டுவான், உனக்கு வேற ஒண்ணும் தெரியாதாடான்னு. வருது. இப்ப. தரரா தரரா தரரா... தொம். அடியில போய்ட்டேன். அவனால அங்கேர்ந்து...

அடியிலேர்ந்து எடுக்கறான்மா.

இல்ல, அமத்தாதீங்க. கை எடுங்க, கை எடுங்க. மூணாவது காலி. மூணாவதுல நான் கோமாளித்தனம் பண்ணுவேன். ஓட்டல்ல சர்வருங்களுக்கெல்லாம் மேல ஒரு பெரிய ஸ்டூவர்டு இருந்தார். நாங்க வாசிக்கும்போது பார்த்துதான் ஹால் நடுவுல நடப்பார். புது பூட்சு, கீச்சு கீச்சுன்னு கத்தும். நான் அதை அப்படியே சாக்ஸ்ல வாசிச்சுக் காட்டுவேன், அவர் முதுகுக்குப் பின்னால. மதலைக்குச் சிரிப்பு தாங்காது. ட்ரம்பெட்டு உதட்டுல இருக்கும்போது சிரிச்சா உதடு போச்சு, அன்னிக்கு முழுக்க ஊத முடியாது. அதனால சிரிப்பை அடக்கிக்கிட்டு... ஸ்ஸ், வந்துடுச்சு. கீச்... கீச்... கீச்சுக் கீச்சு... கீச்.

'பெப் பே.'

கேட்டீங்களா? அதுதான். அதுதான்மா அவன் சிரிப்பு. சிரிக்க முடியாதுல்ல, அதுக்குப் பதிலா ரெண்டு ஊதல் ஊதுவான். போடா பாவின்னு அர்த்தம். அப்பல்லாம் கூரை அதிரும், இது காத்தாப் போச்சு, அதான் எனக்கு அடையாளம்... பசங்க தெருவுல ஊளையிட்டுதுங்களே, அதையும் கேட்டுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன்.

யாரும் இல்லாத ரூம்ல, ஒரு மெஷினுக்கு முன்னால, நான் வாசிக்காத பூட்சுக்கு இவன் சிரிச்சிருக்கான்.

பைத்தியக்காரப் பய. எல்லாப் பாட்டுலயுமா? எல்லாத்துலயும் காலியா விட்டு, நான் என்ன வாசிச்சிருப்பேன்னு மனசுல கேட்டு, அதுக்கு பதில் ஊதி... படுபாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாலு பார் நாலு பார் வாசிக்கறோம்டான்னு சொல்லியிருந்தா நடந்தாவது போயிருக்க மாட்டேன்? என்ன? போனை வெச்சது நான்தான், சரி. வெச்சா மறுபடி பண்ணணும். பிளாக் பண்ணினேன், அதுவும் சரி. வீட்டுக்கு வந்திருக்கணும். ஏம்மா, நீங்க யார் பக்கம்?

ஒண்ணும் இல்ல. கண்ணுல மண்ணு. ஜன்னலைச் சாத்துங்க.

அந்த டிகாக்ஷன்... சரி, அதை விடுங்க.

இன்னிக்கும் அப்படியே விடுவானா? மேடையில? அத்தனை பேர் உட்கார்ந்திருப்பாங்க, பத்திரிகைக்காரன் எல்லாம் இருப்பான். கிழவன் நாலு பார் ஊதிட்டு, பொக்கை வாயைத் துடைச்சுக்கிட்டு, பக்கத்துல காலியா இருக்கற இடத்தைப் பார்த்துட்டு நிப்பானா? அந்த மெஷின் டிக்கு டிக்குன்னு போகும். அதை நான் முதல் வரிசையில உட்கார்ந்து பார்க்கணுமா? அசிங்கமா இருக்காது? முப்பது வருஷம் நின்ன இடம்மா அது. வலது கைப் பக்கம்.

கண்டக்டர்! பாண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் சார்? இது மரக்காணமா? உப்பளம் வந்துடுச்சா? போதும், தாராளமாப் போதும்.

பெட்டியை ஒரு நிமிஷம் பிடிங்க. அந்த ஓரத்துல சின்ன டப்பா இருக்கு பாருங்க, ஆமா, அதுதான் ரீடு. நாணல் சீவல்தான், வேற ஒண்ணும் இல்ல. காஞ்சு கட்டையாக் கிடக்கு, இப்படியே வாசிச்சா அந்த ஸ்டூவர்டு பூட்சு மாதிரிதான் கத்தும். வாயிலயே வெச்சு ஊற வெக்கணும். வெச்சுட்டா பேச முடியாது, நீங்க நிம்மதியா வரலாம். தோல் மூடி கசியும். கசிஞ்சா கசியட்டும், அவனுக்கும்தான் கசியுது.

அந்த ஆல்பத்தை முதல் பாட்டுலேர்ந்து போடுங்க. சத்தமா வெச்சுடுங்க, யாராவது கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. எல்லா காலியையும் ஒரு தடவை பார்த்து வெச்சுக்கணும். இருங்க, ரீடை வெக்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன்.

இது ஜாஸ் இல்ல. யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன், அவன்கிட்டயும் சொல்லுவேன், வாசிச்சு முடிச்சதும்.

ம், போடுங்க.